எதிராமாண்டு

துவைத்து முடிக்கும்வரை கல்லைத் தரமாட்டேன்
என்றுவிட்டாள் செய்னம்பு.
பெரியபட்டினத்தில் ஒரு கொல்லைப்புறம்.
கச்சான் காற்றில் பாதி மணல், பாதி சோப்பு நுரை.
எழுநூற்று ஐம்பத்தைந்து வருடத்தோடு
ஒரு வாளித் துணிக்கும் சேர்த்துக் காத்திருந்தேன்.

பிறகு கழுவி, ஈரத்தாள் விரித்து,
எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை
தூரிகையால் தட்டித் தட்டி
மையொற்றினேன்.
கறுப்பில் வெள்ளையாகப் புரண்டது,
வயிறு காட்டும் மீன்போல.

அரசன் பெயர் இல்லை.
ஸ்வஸ்திஸ்ரீக்குப் பின் ஒரு சாண் வழவழப்பு.
சட்டைக் காலர்கள் உரசும் இடம் அது.
மிச்சம் இருந்தது:
"யாண்டு இரண்டாவதின் எதிராமாண்டு
துலா நாயற்று அபரபக்ஷத்துச் சதுர்த்தியும்
சனிக்கிழமையும் பெற்ற உரோகிணி நாள்."

மூன்று என்று சொல்ல என்ன தயக்கம்?
இரண்டில் நின்றபடி
எதிரே வருவதைப் பார்த்திருக்கிறார்கள்,
வள்ளம் கரையேறுமுன்
கூடையை எண்ணாதவர்கள்.

இராமநாதபுரம் லாட்ஜில் இரவெல்லாம் கணக்கு.
எழுத்தின் வளைவு நூற்றாண்டைக் காட்டியது;
தேய்பிறை ஒரு சனிக்கிழமையைப் பிடித்துக் கொடுத்தது.
சகம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
கலி நாலாயிரத்து முன்னூற்று எழுபத்தொன்று
(கலிக்கு எப்போதும் தொகை பெரிசு,
அடைக்காத கடன்போல).
கொல்லத்துக்காரனுக்கு வெறும் நானூற்று நாற்பத்தாறு.
இந்தத் துறையில் அன்று நங்கூரம் போட்டிருந்தால்
சீன மாலுமி இரும்புக் குதிரை என்றிருப்பான்.
யூத வணிகன், என்றோ செத்த ஒரு கிரேக்கத் தளபதி
தொடங்கிவைத்த எண்ணிக்கையை விடாமல் பிடித்து
ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு என்றிருப்பான்.
அறுபதின் சக்கரத்தில் அது
பிரமோதூத.

பேனாவை வைத்துவிட்டேன்.
நான் பிறந்ததும் பிரமோதூத.
பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு,
அரசு ஆஸ்பத்திரியில், எடை குறைவாக.
குதிரைகூட அதே குதிரை.
நான் உட்கார்ந்த நாற்காலியில்
சூடு ஆறாமல் இருந்திருக்கிறது.
என் ஜாதகத்தை எழுதியவர் சொல்லவேயில்லை.

காலையில் கல்லின் வயதைச் சொன்னபோது
செய்னம்புவின் புருஷன் ஜெய்லாப்தீன் விரல் மடக்கினார்.
"ஹிஜிரி அறுநூத்தி அறுபத்தொம்பதுன்னா
எழுநூத்தி எழுபத்தெட்டு வருசமாச்சே?"
சரிதான்.
ஒரே கல், அவர்கள் வீட்டுக் கணக்கில்
இருபத்துமூன்று வயது மூப்பு.
வருடத்துக்குப் பதினோரு நாள்
பிறை முந்திக்கொண்டதில்
ஒரு ஆள் வளர்ந்து
கல்யாணத்துக்கு நிற்கிறான்.

"என்னதான் எழுதியிருக்கு?"
வேலிக்கு மேலே சந்தியாகுவின் தலை.
கடைசி வரியைப் படித்தேன்:
"மீன் படாமையில் இவ்வாண்டு முதல்
வலையிறை தவிர்ந்தோம் சந்திராதித்தவற்."
நிலவும் சூரியனும் உள்ளவரை
வலைக்கு வரி இல்லை என்று அர்த்தம் சொன்னேன்.
அண்ணாந்து பார்த்தார்.
"ரெண்டும் இருக்குல்ல?
அப்புறம் டோக்கனுக்கு ஏன் காசு வாங்குறான்?"
போகும்போது முணுமுணுத்தார்:
"மீன் படாத வருசம்னு சொல்லு. போதும்.
அதுக்கு எதுக்கு இத்தனை நம்பர்."

அலுவலகப் படிவத்தில் ஆண்டுக்கு நாலு கட்டம்.
கலி பொருந்துகிறது. சகமும்.
ஹிஜிரிக்கு ஒரு கட்டம் காலி.
எதிராமாண்டுக்கு இடமே இல்லை.
1270 என்று நிரப்பினேன்,
எனக்குச் சம்பளம் வரும் கணக்கில்.

கல்லைத் துடைத்து
எழுத்துப் பக்கம் மண்ணைப் பார்க்கக்
கிடத்தப் போனேன்.
செய்னம்பு தடுத்தாள்.

"எழுத்து மேல இருக்கட்டும்மா.
சொரசொரப்பு இருந்தாத்தான்
அழுக்குப் போகும்."